யோகமலருக்குப் பிடித்தது

யோகமலர் இறந்த எட்டாம் நாள் படையலுக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று மகள் தாரகா கேட்டபோது கிருஷ்ணராசா அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், ஆட்டிறைச்சிப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். கத்தரிக்காய் சூப்பர்மார்க்கெட் கத்தரிக்காயாக இருக்கக்கூடாது, மோர்டன் தமிழ்க்கடையில் வெள்ளிக்கிழமை வந்திறங்குகிறதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்த மனுசிக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கிருஷ்ணராசாவுக்கு எப்போதும் எல்லாம் தெரியும். பெற்றோல் ஸ்டேஷனில் அவரோடு வேலை செய்தவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயரே ‘தெரியும் அண்ணை’ என்பதுதான்.

யாழ்ப்பாணத்துச் சனங்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் சமைத்து, வாழையிலையில் பரப்பி, படத்துக்கு முன்னால் வைப்பார்கள். எட்டாம் நாள் ஒருமுறை. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து கிருத்தியம் முடித்துப் போன பிறகு இன்னொருமுறை. மற்ற நல்லது கெட்டதுக்கெல்லாம் சைவம் என்று நிற்கிறவர்கள்கூட இந்தப் படையலுக்கு மீனும் இறைச்சியும் வைப்பார்கள். குடித்தவராக இருந்தால் ஒரு கிளாஸ் சாராயமும் வரும். முப்பத்தொன்றோடு ஆத்துமா வீட்டைவிட்டுப் போய்விடும் என்பது நம்பிக்கை. போகிற உயிர் ஆசை தீரத் தின்றுவிட்டுப் போகட்டுமே என்பதுதான் அதன் பொருள்.

எட்டாம் நாள் படையலுக்கு பிலோமினம்மா வந்திருந்தார். மன்னார்ப் பெண்மணி, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் யோகமலரோடு எட்டு வருடம் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடித்தவர். படத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டவர், இலையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

“இதென்ன அண்ணை, நண்டு வைச்சிருக்கிறியள்?”

“அவவுக்கு நண்டெண்டா உயிரெல்லே.”

“ஆர், யோகத்துக்கோ? அவ நண்டு தின்னுறேல்லையே. திண்டா நாக்குத் தடிக்கும் எண்டு எனக்குச் சொன்னவ. உடைச்சு, சதையை எடுத்து உங்கட கோப்பையில எல்லோ வைப்பா.”

கிருஷ்ணராசா இலையைப் பார்த்தார். நண்டு அவருக்குப் பிடித்தது. கணவாய் அவருக்குப் பிடித்தது. ஆட்டிறைச்சியைக் கருகக் கருகப் பொரித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கத்தரிக்காய்ப் பால்கறியை அவருடைய தாயிடம் கேட்டுப் பழகிக்கொண்டுதான் யோகமலர் வீட்டுக்கு மருமகளாகவே வந்தாள். மனைவியின் படத்துக்கு முன்னால் தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அடுக்கி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சூடேறியது. அவள் நாக்குத் தடிக்கிற சாமானை அவளுக்கே படைத்துவிட்டார்.

அதன்பிறகு அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பத்தொன்றுக்குள் எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டுத் தின்ற ஒரே ஒரு சாமான் போதும். அதை வைத்து அவளை அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு வைத்து என்ன, வைக்காமல் என்ன?

முதலில் தாரகாவைக் கேட்டார். அவளுக்குக் கவுன்சிலில் வேலை. தமிழும் இங்கிலீசும் ஒரே மூச்சில் வரும்.

“அம்மாவோ? அம்மா எங்களுக்குப் போட்டிட்டு மிச்சத்தை வழிச்சுத் தின்னுவா. ஐ நெவர் ஆஸ்க்ட், அப்பா.” சொல்லிவிட்டு அவளும் அழத் தொடங்கிவிட்டாள்.

பிலோமினம்மாவைக் கேட்டார். “கன்ரீன்ல என்ன வாங்க எண்டு கேட்டா, நீ தின்னுறதையே எனக்கும் வாங்கு எண்டுவா அண்ணை. எட்டு வருசமும் அதே பதில்தான்” என்றார் அவர். தமிழ்க்கடைக்குப் போய்க் காசு வாங்குகிற பிள்ளையைக் கேட்டார். சனிக்கிழமை நண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆடு, அங்கிளுக்கு எண்டுதான் ஆன்ரி வாங்குறவா என்று அது பவ்வியமாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைக் கிண்டினார். பொதிகளின் மேல் யோகமலரின் கையெழுத்தில் ‘அவருக்கு’, ‘அவருக்கு’, ‘தாரகா’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அவளுடைய பெயரில் ஒரு பொதிகூட இல்லை. கிருஷ்ணராசா ஃப்ரீசர் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் குசினித் தரையில் உட்கார்ந்தார்.

கேட்கக்கூடிய ஆள் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யோகமலரின் ஒரே தங்கை நாகேஸ்வரி. அவளிடம்தான் கேட்கவே முடியாது.

நாகேஸ்வரி வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தாள். சண்டையின் கடைசி மாதங்களில் கணவனையும் மகனையும் இழந்துவிட்டு, வெறுங்கையோடு அங்கே வந்து சேர்ந்திருந்தாள். அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் யோகமலர் மூன்று மாதம் சோறு தண்ணியில்லாமல் கிடந்தாள். ஆனியில் யாரோ ஒருவர் மூலம் நம்பர் கிடைத்து, தங்கையின் குரலைக் கேட்ட அன்றுதான் அந்த மனுசி வாய்விட்டுச் சிரித்தாள். அதன்பிறகு ஏழு வாரம். ஆடி மாதக் காலையில் தேத்தண்ணி போட எழுந்தவள் குசினியிலேயே விழுந்துவிட்டாள்.

நாகேஸ்வரிக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது அதே நகரத்தின் மறுகோடியில், எட்மண்டனில் இருக்கிற பாஸ்கரன், கிருஷ்ணராசாவின் தம்பி. “ரெண்டு சாவைக் கண்ணால கண்டவள் அண்ணை. மூண்டாவதையும் சொன்னா அங்கயே போயிடுவாள். முகாமால வெளியில வரட்டும், ஆறுதலாச் சொல்லுவம்” என்றான். சரியாகத்தான் பட்டது. ஆகவே அவள் போன் எடுத்தபோதெல்லாம் கிருஷ்ணராசா பொய் சொன்னார். அக்கா ஷிப்டுக்குப் போயிட்டா. அக்கா கோயிலுக்குப் போயிட்டா. அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, கதைக்க ஏலாது. ஒரு மாதமாக இந்தப் பொய்யைக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக் காத்து வந்தார்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. ஐயர் காலையிலேயே வந்து கிருத்தியத்தை முடித்துக்கொண்டு, லூயிஷாம் கோயிலில் பூசை இருக்கிறது என்று பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார். மோர்டன் வீட்டின் சின்ன முன்னறையில் நாற்பது பேர் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். இடம் போதாதவர்கள் பின்வளவில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். செத்தவர் நினைவாக அச்சடித்துக் கட்டாக வந்திருந்த கல்வெட்டுப் புத்தகத்தைப் பாஸ்கரன் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். அட்டையில் யோகமலர் நீலச் சேலையில் சிரித்தாள். உள்ளே வம்ச வரலாறு, தேவாரம், கணவர் புலம்புவதாக நான்கு செய்யுள். அந்தச் செய்யுள்களைப் பாஸ்கரனுக்குத் தெரிந்த ஒரு புலவர் எழுதியிருந்தார். கிருஷ்ணராசா அதில் வெகு அழகாகப் புலம்பியிருந்தார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து யோகமலரைப் பற்றிப் பேசினார்கள். அழுகையும் சிரிப்புமாகத்தான் இருந்தது. அவர்கள் இந்த நாட்டுக்கு வருமுன் இருந்த ஜேர்மனியில், வந்திறங்கிய முதல்நாளே தன்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டவ என்று ஒருவர் சொன்னார். தன் மனைவி பிள்ளை பெற்றிருந்தபோது நாற்பது நாளும் பத்தியக்கறி காய்ச்சிக் கொண்டுவந்தவ என்றார் இன்னொருவர். சித்திரை மாதம், ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லி இங்கத்தைய பாராளுமன்றத்துக்கு முன்னால் சனங்கள் இரவு பகலாக நின்ற நேரம், தனி மனுசியாக நூற்றைம்பது சோற்றுப் பார்சல் கட்டி ட்ரெயினில் கொண்டுவந்ததைச் செல்வரத்தினம் மாஸ்டர் எழுந்து நின்று சொன்னார். “ட்ரெயின் முழுக்கக் கறி மணம். ஒரு வெள்ளைக்காரன் எழும்பிப் பக்கத்துப் பெட்டிக்குப் போயிட்டான். அவனைக் கூப்பிட்டு அவனுக்கும் ஒரு பார்சல் குடுத்தவா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கிருஷ்ணராசாவின் நெஞ்சு நிறைந்தது.

அந்த உற்சாகத்திலேயே, வாய் தவறியதுபோல அவர் கேட்டுவிட்டார். “அவ என்ன விரும்பித் தின்னுறவ எண்டு ஆருக்காவது தெரியுமோ?”

ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் கையால் தின்னாத ஆள் அந்த அறையில் இல்லை. அவள் தின்றதைப் பார்த்த ஆள்தான் இல்லை. செல்வரத்தினம் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குசினியில் பெண்கள் படையலுக்கு ஆயத்தமாக நின்றார்கள். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்தாயிற்று. சோறும் வெந்துவிட்டது. தாரகா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

“அப்பா, சோறு மட்டும்தான் இருக்கு. என்ன வைக்கிறது?”

“பொறு, வாறன்.”

மாடிக்குப் போனார். படுக்கையறையில் கட்டில் நிறைய விருந்தாளிகளின் கோட்டுகள் குவிந்துகிடந்தன. ஒரு ஓரத்தை ஒதுக்கி உட்கார்ந்து, போன் கார்டின் நீண்ட இலக்கங்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். முகாமில் நாகேஸ்வரியின் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை ஒன்று எடுத்தது. ஆன்ரியைக் கூட்டி வாறன், பத்து நிமிசத்தால எடுங்கோ என்றது. அந்தப் பத்து நிமிடத்தில் கிருஷ்ணராசா சொல்ல வேண்டிய பொய்யை நன்றாகத் தட்டிக் கொட்டிச் சரிபார்த்துக்கொண்டார். அவர்களுக்குக் கலியாணம் நடந்ததும் இதே ஆவணியில்தான். இதைவிட வசதியான பொய் வேறு கிடைக்காது.

“அத்தான், சுகமோ? அக்கா எங்க?”

“கீழ நிக்கிறா, நாகேசு. வீட்டில கொஞ்சச் சனம். எங்கட கலியாண நாளுக்கு வந்திருக்கினம்.”

“ஓமெல்லே, ஆவணி! இஞ்ச நாளும் தெரியேல்லை, திகதியும் தெரியேல்லை அத்தான்.” அவள் குரலில் ஒரு சின்னச் சந்தோசம் தெரிந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“ஒண்டு கேக்கவேணும் பிள்ளை. உன்ர அக்காவுக்கு மீன், இறைச்சியில என்ன விருப்பம்? உண்மையா விருப்பமானது. கலியாணத்துக்கு முந்தி இருந்து சொல்லு.”

நாகேஸ்வரி சிரித்தாள். “நல்ல கதை. கீழதானே நிக்கிறா, அவவிட்டயே கேளுங்கோவன்.”

கிருஷ்ணராசா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் சமைக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். நித்திரை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாகப் பொய்யில் தேறியிருந்த நாக்கு, தேவையான நேரத்தில் மரத்துப்போய்க் கிடந்தது. கீழே யாரோ சட்டி ஒன்றை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது. அங்கே அவளுடைய சிரிப்பு மெல்ல நின்றது.

“அத்தான்.”

“ம்.”

“எட்டோ, முப்பத்தொண்டோ?”

ஒரு மனுசிக்கு விருப்பமானதை இன்னொருவரிடம் கேட்டுத் திரிகிற நாள் நம்முடைய சனத்துக்கு இரண்டே இரண்டுதான். இது கிருஷ்ணராசாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளிடம் எதை மறைக்கவேண்டும் என்று நின்றாரோ, அதைத் தன் வாயாலேயே கேள்வியாக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

“முப்பத்தொண்டு” என்றார்.

சுடலையில் அவர் அழவில்லை. அன்றைக்கு அவருக்கு நிறைய அலுவல் இருந்தது. பெட்டியை யார் தூக்குவது, யார் எந்தக் காரில் வருவது என்று கட்டளை போட்டுக்கொண்டே இருந்துவிட்டார். இப்போது ஊரார் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். நாகேஸ்வரி அவர் அழுது முடியும்வரை காத்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்ததா, வந்ததை விழுங்கிக்கொண்டாளா, தெரியாது.

“வருத்தம் வந்து படுக்கையில கிடந்தவவோ?”

“இல்லை பிள்ளை. தேத்தண்ணி போடப் போனவ. விழுந்த உடனையே...”

“நோகேல்லையோ?”

“இல்லையெண்டுதான் டொக்டர் சொன்னவர்.”

“அது காணும், அது போதும். முதலே சொல்லியிருக்கலாம் அத்தான். முப்பத்தொரு நாளும் மச்சம் மாமிசம் விட்டு இருந்திருப்பன், கூடப்பிறந்தவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒண்டுதானே.” பிறகு அவளே சொன்னாள். “இஞ்ச எங்க மச்சம்? ஒவ்வொரு நாளும் பருப்பும் சோறும். தெரியாமலே இருந்து முடிச்சிட்டன்.”

கிருஷ்ணராசா வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கருவாடு அத்தான்” என்றாள் நாகேஸ்வரி. “கட்டாக் கருவாடு. பொரிச்சு, சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வேணும். அது இல்லாட்டிச் சோத்தில கை வைக்கமாட்டா. அம்மா ஒளிச்சு வைச்சாலும் மணத்தில கண்டுபிடிச்சிடுவா. ஜேர்மனிக்குப் போன புதுசில ஆரும் வரேக்க குடுத்துவிடச் சொல்லிக் கடிதம் போடுறவ. பிறகு ஒருநாள் எழுதினா, இனி அனுப்பாதை, அவருக்கு ஒத்துவராது, நான் விட்டிட்டன் எண்டு.”

கீழே இறங்கி வந்த கிருஷ்ணராசாவின் முகத்தைப் பார்த்ததுமே பாஸ்கரனுக்கு விளங்கிவிட்டது.

“அவளுக்குச் சொல்லிப்போட்டியளோ அண்ணை?”

“நான் சொல்லேல்லை. கேட்டன். அவளுக்கு விளங்கீட்டுது.” செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார். “கருவாடு வாங்கிக்கொண்டு வாறன்.”

“கருவாடோ? இவ்வளவு சனம் இருக்கேக்கயோ? இருங்கோ, ஆரையும் அனுப்புவம்.”

“நான்தான் போவன்.”

வேட்டியோடேயே நடந்து போனார். கடைப்பிள்ளை கருவாட்டை மூன்று பையில் சுற்றிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து, பெண்களை விலகச் சொல்லிவிட்டு அடுப்படியில் நின்றார். வாழ்நாளில் ஒரு முட்டைகூடப் பொரித்து அறியாதவர். பிலோமினம்மா பக்கத்தில் நின்று, இப்ப போடாதேங்கோ அண்ணை, எண்ணெய் காயட்டும், பிரட்டுங்கோ, பிரட்டுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் தெறித்துக் கையில் இரண்டு இடம் கொப்பளித்தது. மணம் குசினியை நிறைத்து, முன்னறையை நிறைத்து, மாடிப்படி ஏறியது. சிலர் மெதுவாக எழுந்து பின்வளவுக்குப் போனார்கள்.

“ஓ மை காட், அப்பா!” தாரகா யன்னலைத் திறக்க ஓடினாள்.

அவள் கை யன்னலில் பட்டபோதுதான் கிருஷ்ணராசாவுக்கு அந்த நாள் நினைவு வந்தது. இருபத்துநான்கு வருடமாக மறந்தே போயிருந்த நாள். ஜேர்மனியில் அவர்களுடைய முதல் பனிக்காலம், மூன்றாம் மாடி வீடு. வேலையால் வந்து கதவைத் திறந்தவருக்கு இதே மணம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்த யன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டு, இது என்ன காட்டு மிருகத் தீன், கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்குச் சொன்னால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் என்று கத்தினார். யோகமலர் சட்டியில் கிடந்த இரண்டு கருவாட்டுத் துண்டையும் குப்பையில் கொட்டிவிட்டு, சட்டியை மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். அரை மணித்தியாலத்தில் அவருக்கு முட்டை பொரித்துச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டார். அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவர் பார்க்கவில்லை.

“திறவாதை பிள்ளை” என்றார். “மணக்கட்டும்.”

தாரகா கையை எடுத்துக்கொண்டாள்.

இலையில் சோற்றைப் போட்டு, பக்கத்தில் கருவாட்டைப் பரப்பினார். வேறு எதையும் வைக்கவிடவில்லை. கற்பூரம் காட்டினார்கள். பிலோமினம்மா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு விம்மினார். படத்துக்கு முன்னால் எல்லோரும் கும்பிட்டார்கள். அதன்பிறகு இலையில் உள்ளதை வீட்டார் பகிர்ந்து தின்ன வேண்டும், அதுதான் வழக்கம்.

“நீங்க வேண்டாம் அப்பா. உங்களுக்குத்தான் இது சரிவராதே” என்றாள் தாரகா.

கிருஷ்ணராசா இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைத்தார். மென்றார். உப்பும் உறைப்பும் வெங்காயத்தின் இனிப்பும் நாக்கில் ஏறின. விழுங்கினார். இன்னொரு பிடி எடுத்தார். பிறகு இன்னொன்று. மகள் பயந்துபோய் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவளிடம். கண்ணீர் இலையில் விழுந்தது; அவர் துடைக்கவில்லை. “இவ்வளவு காலமும் ரெண்டு பேருமா இருந்து திண்டிருக்கலாம் பிள்ளை.”